நாலு வார்த்தை ஆறுதல்

மான்செஸ்டர்,
1995 பிப்ரவரி 20

என் உயிர்த் தோழி யுக்சிம்முக்கு,

உன் மகள் சியூலான் போன் செய்து அப்பா போய்விட்டார் என்று சொன்னபோது நான் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். எந்த அப்பா என்று கேட்டேன். என் மூளையை எதால் அடிப்பது? உன் பியூவா? மூன்று வாரம் முன்னால் நம் சீனப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தபோது, "இங்கிலாந்துல வாத்துக்குக் காலு இருக்கா, இல்ல அதுவும் குளிருக்கு மடிச்சு வெச்சுக்குதா?" என்று என்னைக் கேலி செய்தானே, அந்தப் பியூவா? கஞ்சி தீய்ந்துபோனது. பாத்திரத்தை இன்னும் தேய்க்கவில்லை.

வர முடியவில்லை, யுக்சிம். அம்மா படுத்த படுக்கைதான். வாதம் வந்ததிலிருந்து புரண்டு படுக்கக்கூட நான்தான் வேண்டும். என் வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் காரியம் செய்ய வேண்டியிருக்கும். அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் உன்னைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள். உனக்குத்தான் தெரியுமே, பெற்ற என்னைவிட உன்னைத்தான் அவள் அதிகம் திட்டி வளர்த்தாள்.

எனக்கு எழுது. ஒன்று விடாமல் எழுது. யார் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி மூக்கைச் சிந்தினார்கள், எல்லாம் வேண்டும். வந்தவர்களுக்குக் கொடுக்கிற வெள்ளைப் பொட்டலத்தில் எனக்கென்று ஒன்று எடுத்துவைத்துத் தபாலில் அனுப்பு. நானும் வந்ததாக இருக்கட்டும்.

இங்கே என் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. பாதிப் பேர் சாப்பாட்டுக் கடைக்காரர்களின் பிள்ளைகள். மீதி நம் பெண்களைக் கட்டிய வெள்ளைக்காரர்கள். போன வாரம், துக்கத்தை நம் காண்டோனீஸில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் சேர்ந்து "சந்தோஷமா இல்ல" என்றார்கள். ஐஸ்கிரீம் கீழே விழுந்தாலும் அதுதான், ஆள் செத்தாலும் அதுதான். நம் பாஷை இங்கே பட்டினி கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு. நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

என்றும் உன்,
காம்ஹோ


ஷாம் ஷுய் போ, ஹாங்காங்,
1995 மார்ச் 12

அடி காம்ஹோ,

கேட்டாய், எழுதுகிறேன். படித்துவிட்டு வயிற்றைப் பிரட்டினால் என்னைக் குறை சொல்லாதே.

காலையில் கடையில் முதல் ஈடு வறுத்த வாத்துகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். பாதியில் முக்காலியில் உட்கார்ந்து, நெஞ்சு எரியுது என்றான். முந்தின நாள் தின்ற நண்டு வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். "கட்டையில போறவனே, எழுந்து வேலையப் பாரு" என்றேன். தினமும் அப்படிச் சொல்லித்தானே கடையைத் திறப்பேன். கல்யாணமான மறு மாதத்திலிருந்து அவனுக்கு அதுதான் பேர். எழுந்திருக்கவில்லை. கையில் கொக்கி இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஹுங் ஹோம் சாவுக்கூடத்தில் இரவுக் காரியம். பக்கத்துக் கூடத்தில் எவனோ பெரிய பணக்காரன் செத்திருந்தான். அவனுடைய மேளம் எங்கள் மேளத்தை விழுங்கிவிட்டது. வணக்கம் சொல்லச் சொல்லிக் கூவுகிற ஆளுக்கு ஜலதோஷம். "முதல் வணக்கம்" என்பான், மைக்கிலேயே சளியை உறிஞ்சுவான், "ரெண்டாம் வணக்கம்" என்பான், மறுபடி உறிஞ்சுவான். என் புருஷனுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அவன் மூக்குக்குள் போய்விட்டது. பூசாரி, அவன் ஆவி வெளியே வர நரகத்தின் வாசலை உடைக்கிறேன் என்று ஓடுகளைக் கத்தியால் தட்டி, வாயில் சாராயத்தை ஊற்றித் தீயாக ஊதினான். எச்சில் தூறல் முன்வரிசை முழுக்க. என் கன்னத்திலும் விழுந்தது. துடைக்க முடியாது, குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டுமே.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த நாலு வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்காரன், அடுத்த மாதம் வாடகையை ஏற்றப் போகிறவன், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "துயரை அடக்குங்கள், மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்." அவனுக்கு முன்னால் வந்த கேஸ்காரனும் அதைத்தான் சொன்னான். பின்னால் வந்த வங்கிக்காரியும் அதைத்தான் சொன்னாள். என் நாத்தனார் காதோரம் வந்து அதையே கிசுகிசுத்தாள், கண் மட்டும் என் பச்சைக்கல் வளையலில். ஒவ்வொருவனுடைய கையும் ஈரம். ஒன்றில் வறுத்த கடலை வாசனை. ஒவ்வொருவருக்கும் நான் "நல்ல மனசு உங்களுக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். நம்மவர்கள் வேறென்ன சொல்வார்கள்? கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். ஒருத்தனுக்காவது நல்ல மனசு இருந்ததா என்று கேட்காதே. நீ வந்து அந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தால் உன்னைச் செருப்பால் அடித்திருப்பேன். அது வேற்றாளுக்குச் சொல்கிற வார்த்தை. யாருக்குச் சொல்கிறோம் என்று முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம்.

மறுநாள் எரித்துவிட்டு வந்து ஏழு பதார்த்தச் சாப்பாடு. கொழுந்தன் ஆவியில் வெந்த மீனின் கண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, அண்ணனுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி, தான் தின்றான். உறிஞ்சுகிற சத்தம் மேஜை முழுக்கக் கேட்டது. அதோடு நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லாதே. பெட்டியை மூடுவதற்கு முன்னால் பெண்டாட்டி சீப்பை ஒடிக்க வேண்டும் அல்லவா, பாதி அவனோடு, பாதி குப்பைக்கு. மரச்சீப்பு, சீக்கிரம் ஒடியவில்லை. ஒடித்த பாதியை அவன் கைப்பக்கம் வைக்கக் குனிந்தேன். அப்போது வாய்வரை வந்தது: "கட்டையில போறவனே, இனிமே காலையில நான் யாரத் திட்டிக் கடையத் தொறக்குறது?" இதுதான் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. சுற்றிலும் வீட்டுக்காரன், கேஸ்காரன், நாத்தனார். நிஜமாகவே கட்டையில் போகிறவனைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன். அவன் காதில் விழாமலே போய்விட்டான். சியூலானுக்குக்கூட இது தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

தபாலில் வெள்ளைப் பொட்டலமா? இங்கிருந்து போன ஆறு வருஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாயா, கழுதை? அது நேரில் வந்தவர்களுக்கு. மிட்டாயை வழியிலேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். காசை வழியிலேயே செலவழிக்க வேண்டும். கைக்குட்டையை வழியிலேயே எறிய வேண்டும். வீட்டுக்குள் வரவே கூடாது. உங்கள் ஊர்த் தபால்காரன் கதவு ஓட்டை வழியாக உன் வீட்டுக்குள் தீட்டைத் தள்ளிவிட்டுப் போகட்டும் என்கிறாயா?

படுக்கையில் கிடக்கிற பெரியம்மாவிடம் சொல்லாதே. அவளுக்கு என் விசாரிப்பு.

யுக்சிம்


மான்செஸ்டர்,
1995 ஏப்ரல் 5

என் யுக்சிம்,

இன்று கல்லறை துடைக்கும் நாள். இங்கே யாருக்கும் அது தெரியாது. பஸ்ஸில் எல்லோரும் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். மீன் கண் வந்த இடத்தில் சிரித்தும்விட்டேன், மன்னித்துக்கொள். சீப்பு வந்த இடத்தில் மறுபடி அழுதேன். எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. உனக்குத் தெரியாமலே நீ பெரிய எழுத்துக்காரி. உன் வாயில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் தங்கம்.

இன்னும் எழுது. அங்கே மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? சந்தையில், மாஜோங் ஆடுகிற மேஜையில், மாடிப்படியில் பார்க்கும்போது? துக்கத்தை இப்போதெல்லாம் என்ன சொல்லிச் சொல்கிறார்கள்? எனக்கு எல்லாம் மறந்துகொண்டே வருகிறது. கனவில்கூட ஆங்கிலத்தில் பால்காரனோடு சண்டை போடுகிறேன்.

அம்மா ஒரு கை சோறு சாப்பிடுகிறாள். நேற்று என்னைப் பார்த்து, யுக்சிம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

உன்,
காம்ஹோ


ஷாம் ஷுய் போ,
1995 மே 14

காம்ஹோ,

நீ கேட்டதற்கு என்ன எழுத? நம் ஆட்கள் துக்கத்துக்கு வைத்திருக்கிற பேர்களைக் கேட்டால் ஊறுகாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கீரைக்காரி என்னைப் பார்த்ததும் "நெஞ்சு புளிச்சுப்போச்சு" என்கிறாள். மாஜோங் மேஜையில் பல்போன சான் அம்மாள், "கண்ணெல்லாம் ஈரம் ஈரமா இருக்கு, உன்னப் பாத்தா" என்று சொல்லிக்கொண்டே என் காயை அடித்துத் தூக்குகிறாள். கேஸ்காரன், மெலிந்துவிட்டீர்கள் என்கிறான். அதுதான் அவனுக்குத் துக்க விசாரணை. நாத்தனார், நெஞ்சைக் கத்தியால் அறுக்கிற மாதிரி இருக்கிறது என்று போன வாரம் ஒப்பாரி வைத்தாள். நேற்று அதே நெஞ்சு அதே கத்தியால் அறுந்தது, குதிரைப் பந்தயத்தில் தோற்றதற்கு. "ஐயோ பாவம்" என்கிற சொல் ஒன்று இருக்கிறதே, அதைச் செத்தவனுக்கும் சொல்கிறார்கள், நனைந்த பூனைக்கும் சொல்கிறார்கள். கேட்கக் கேட்கக் காதைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

எனக்கு வாத்து வாசனையே ஆகவில்லை. கடை முதலாளிக்கே கடைக்குள் வந்தால் குமட்டுகிறது, எப்படி இருக்கிறது கதை? வேலைக்கு வைத்த ஆள் வெட்டினால் எலும்பு சில்லுசில்லாகத் தெறிக்கிறது. பியூ ஒரே போடு, ஒரு சில்லு இருக்காது. வாடிக்கையாளர்கள் தட்டில் துப்பிவிட்டுப் போகிறார்கள்.

காலையில் கதவைத் தூக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. மூடிக்கொள்கிறேன்.

யுக்சிம்


ஷாம் ஷுய் போ,
1995 ஆகஸ்ட் 8

காம்ஹோ,

உன் மாணவர் வந்துபோனார். மிஸ்டர் ஆர்தர் பென்ஃபோல்ட். வாழ்த்துகள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணி. கடையில் உட்கார இடமில்லை, வரிசை தெருவரை. தகர டப்பா நிறைய பிஸ்கட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து நின்றார். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. டீச்சர் காம்ஹோவின் தோழி நீங்கள்தானே என்று நம் பாஷையில் கேட்டார். நல்ல மனிதர், பாவம், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. புருஷன் போனதற்காக வருத்தம் தெரிவிக்க வந்தேன் என்றார். அந்த நாலு வார்த்தைதான் வரப்போகிறது என்று நானும் "நல்ல மனசு உங்களுக்கு" என்று சொல்லத் தயாராக நின்றேன்.

அவர் கையை நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"கட்டையில போறவனே, இனிமே காலையில நான் யாரத் திட்டிக் கடையத் தொறக்குறது?"

கடைசியில் ஒரு விக்கல்கூட வைத்தார், காம்ஹோ. பாட ஒலிநாடாவில் அப்படித்தான் வருகிறதாம்.

கடையே சிரித்தது. வெட்டுகிற ஆள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான். நூடுல்ஸை வாயில் வைத்திருந்த ஒருத்தி மேஜையில் துப்பிவிட்டாள். மனிதர் தான் சரியாகச் சொன்னதால் எல்லோரும் மெச்சுகிறார்கள் என்று நினைத்து மறுபடி ஒரு தரம் சொன்னார். நான் பின்கட்டுக்குப் போய், வாத்து கழுவுகிற தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து கேட்டேன், எங்கே கற்றீர்கள் என்று. எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொன்னார். "டீச்சரோட பதினொண்ணாவது பாடம், துக்கம். அதுல இதுதான் எல்லாருக்கும் பிடிச்ச வாக்கியம். ஜோடி ஜோடியா நின்னு சொல்லிப் பாப்போம். ஒருத்தர் பொணம், ஒருத்தர் பெண்டாட்டி." டீச்சர் நாடாவில் அழுதுகொண்டே சொல்வாராம். கேட்கிறவர்களுக்கும் அழுகை வந்துவிடுமாம். கீரைக்காரியின் புளித்த நெஞ்சு, சான் அம்மாளின் ஈரக் கண், நாத்தனாரின் கத்தி எல்லாமே பாடத்தில் இருக்கிறதாம், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி.

சீ. நீ மனுஷியா?

அவன் காதில் நான் போடாத வார்த்தை அது. பெட்டி மூடும்வரை வாயில் வைத்திருந்து விழுங்கினேன். உலகத்தில் ஒருத்திக்குத்தான் எழுதினேன். யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதினேன். இப்போது உன் வகுப்பில் ஒருத்தன் பிணமாக நிற்கிறான், இன்னொருத்தன் என் துக்கத்தை வாயில் போட்டு மெல்லுகிறான். அடுத்தவன் மென்று துப்பிய சோற்றை என் தட்டில் வைத்து, இந்தா சாப்பிடு, உன்னுடையதுதானே என்று நீட்டின மாதிரி இருந்தது. பல்லைத் தேய்த்தேன், நாக்கைத் தேய்த்தேன், போகவில்லை. மீன் கண்ணைத் தின்ற கொழுந்தன் உன்னைவிட எவ்வளவோ மேல். அவன் மீனுடைய கண்ணைத்தான் தின்றான்.

அந்த நாலு வார்த்தையைத் திட்டி எழுதினேனே, இப்போது அதன் அருமை தெரிகிறது. அது ஊருக்கே பொது. அதை யாரும் திருட முடியாது, நாடாவில் பிடித்து அழ முடியாது. நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. உன்னைப் போல ஒருத்தி ஒவ்வொரு தெருவிலும் இருந்திருப்பாள், அதனால்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பாடத்தை வகுப்பிலிருந்து எடுத்துவிடு. நாடாவை அழி. எடுத்துவிட்டேன் என்று எழுது. அதுவரை என் வாயிலிருந்து சொந்தமாக ஒரு வார்த்தை உனக்கு வராது.

யுக்சிம்


மான்செஸ்டர்,
1995 செப்டம்பர் 3

அன்புள்ள யுக்சிம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்தர் கடைக்கு வந்தது தப்பு. அவருக்கு உன் விலாசத்தைக் கொடுத்தது என் முட்டாள்தனம். உன் கடையில் வாத்து சாப்பிடட்டும், உனக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் நெஞ்சில் கை வைப்பார் என்று கண்டேனா?

ஆனால் திருட்டு என்கிறாயே, அது நியாயமில்லை. உன் பெயரைப் போட்டேனா? பியூ பெயரைப் போட்டேனா? ஒரு பெண்டாட்டி, ஒரு புருஷன், அவ்வளவுதான். அந்த வசவை நீ ஒளித்தா வைத்திருந்தாய்? தினமும் காலையில் தெருவே கேட்கக் கத்தினாய். எதிர்க்கடை பல் டாக்டர் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார் என்று பியூவே சொல்லிச் சிரிப்பான்.

நீ அங்கே இருக்கிறாய். மாடிப்படியில் இறங்கினால் பாஷை உன் காலில் தடுக்குகிறது. உனக்கு அது குப்பை, எனக்கு அது சோறு. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரின் மகள், அப்பாவோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், உன் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், நீயும் அப்பாவை இப்படித்தானே கூப்பிடுகிறாய் என்று கேட்டாளாம். திட்டு என்று நினைத்தேன், பிரியமா அது என்று கேட்டாளாம். இதைவிட ஒரு பாஷை டீச்சருக்கு என்ன வேண்டும், சொல்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பியூ என் வகுப்புக்கு வந்துபோகிற மாதிரி எனக்கு இருக்கிறது. அவன் இருந்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டான். எத்தனை பைசா கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்டிருப்பான்.

இன்னொன்று, நானே சொல்லிவிடுகிறேன். நாடாவைக் கேட்டுவிட்டு லண்டனில் ஒருவர் பாடங்களைப் புத்தகமாகப் போடுகிறேன் என்கிறார். பதினோராவது பாடம்தான் உயிர் என்கிறார். அதை எடுத்தால் புத்தகம் இல்லை. நான் எடுக்கவில்லை, யுக்சிம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கோபம் ஆறியதும் எழுது. திட்டியாவது எழுது.

காம்ஹோ


மான்செஸ்டர்,
1995 நவம்பர் 26

யுக்சிம்,

நீ எழுதவில்லை. நானாக எழுதுகிறேன்.

அம்மா போய்விட்டாள். வியாழக்கிழமை விடியற்காலம். உனக்குப் போன் செய்தேன், சியூலான் எடுத்தாள். அம்மா குளிக்கிறார் என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது.

தொண்ணூற்றொரு வயது. இங்கே இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும், இது சிரிப்புச் சாவு, நிறைவான சாவு, அழக் கூடாது என்கிறார்கள். ஆளாளுக்கு வந்து எனக்கு வாழ்த்துச் சொல்லாத குறை. அந்த நாலு வார்த்தையும் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் சொன்னார், கட்டின பெண்டாட்டிக்கு. நீ அன்று எழுதியது எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஒருத்தர் கை விடாமல் எல்லாக் கையும் ஈரம்.

கடைசி இரண்டு நாள் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "அந்தக் கட்டையில போறவ எங்கடி, இன்னும் ஸ்கூல்லேருந்து வரலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உன்னைத்தான். நான் அவள் கண் முன்னால் நிற்கிறேன், அவள் உனக்காக வாசலைப் பார்க்கிறாள். இந்தா வந்துவிட்டாள், செருப்பைக் கழற்றுகிறாள் என்று சொன்னேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள்.

பெட்டியை மூடும் முன்னால் காதில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று குனிந்தேன். என்ன வந்தது தெரியுமா? உன் வாக்கியம். கட்டையில போறவளே, இனிமே யாரை என்று. என் வாயிலிருந்து, நாடாவில் வருகிற அதே குரலில், அதே இடத்தில் அதே விக்கலோடு. எத்தனை தரம் வகுப்பில் அழுது காட்டினேனோ, என் அம்மா முன்னால் அழுதபோது நாடா ஓடுகிற மாதிரியே இருந்தது. என் அழுகை நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பு, யுக்சிம். நீ தொட்டிப் பக்கம் ஓடினாய். எனக்கு ஓட இடமில்லை, பின்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாடத்தை எடுத்துவிட்டாயா என்று கேட்பாய். இல்லை. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். எனக்கென்று ஒன்று சொல். அம்மாவுக்காக ஒரு வார்த்தை. அவளைப் பற்றி உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிந்ததைவிடக்கூட. இல்லாவிட்டால் என்னைத் திட்டு, அவள் திட்டுகிற மாதிரி. ஒரு வரி போதும். இந்தத் தடவை வகுப்புக்கு இல்லை. யாருக்கும் காட்ட மாட்டேன், படித்ததும் கிழித்துப்போடுகிறேன். உன்னைவிட்டால் எனக்கு அந்தப் பாஷை பேச யாரும் இல்லை.

உன்,
காம்ஹோ


ஷாம் ஷுய் போ, ஹாங்காங்,
1995 டிசம்பர் 15

மதிப்பிற்குரிய திருமதி காம்ஹோ அவர்களுக்கு,

துயரை அடக்குங்கள், மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
யுக்சிம்


மான்செஸ்டர்,
1996 ஜனவரி 4

மதிப்பிற்குரிய திருமதி யுக்சிம் அவர்களுக்கு,

நல்ல மனசு உங்களுக்கு.

இதோடு வெள்ளைப் பொட்டலம் ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவின் காரியத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததில் உங்களுக்கென்று எடுத்துவைத்தது. உள்ளே ஒரு மிட்டாய் இருக்கிறது. மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். கீழே தபால் பெட்டிப் பக்கத்தில் நின்று, அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காம்ஹோ